நர்சிங் மாணவர்களுக்கான உயிர்மீட்பு சிமுலேஷன் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்மீட்புப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சில கேள்விகள் வகுப்பிலேயே வரும். பெரும்பாலானவை வகுப்பு முடிந்து மற்றவர்கள் வெளியே போனபின் தாழ்ந்த குரலில் வரும். அவற்றுக்கே இங்கே இடம் அதிகம். தனியாகச் சொல்லாதவரை எண்கள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. உங்கள் கல்லூரியோ மருத்துவமனையோ பின்பற்றும் நெறிமுறை சில இடங்களில் சற்று மாறலாம். அங்கே அதுதான் செல்லும்.

பொம்மை மேல் அழுத்திப் பழகுவதைத்தான் சிமுலேஷன் என்கிறார்களா?

அது ஒரு பாதி. மார்பு அழுத்தம், அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) பிடிப்பது, ஏஇடி (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் தானியங்கிக் கருவி) பேட் ஒட்டுவது என்று ஒரே திறனைத் தனியாக எடுத்துக் கை பழகும்வரை செய்வது ஒரு வகை. இன்னொரு வகை முழு சினாரியோ. கட்டிலில் ஒரு நோயாளி, பக்கத்தில் மானிட்டர், கையில் கேஸ் ஷீட், வெளியே பதறும் உறவினராக ஒருவர். என்ன நடக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. கவனிப்பது, முடிவெடுப்பது, ஆளைக் கூப்பிடுவது, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வது எல்லாம் அங்கே ஒன்றாக வரும்.

முதல் வகையில் கை தேறாதவரை இரண்டாவது வகைக்குப் போவதில் பயனில்லை. அம்பு பேக் மாஸ்க்கைப் பிடிக்கவே திணறுகிறவருக்கு, சுற்றி நான்கு பேர் கத்தும்போது யோசிக்க மூளையில் இடமே இருக்காது.

நிஜ நோயாளியிடமே கற்றுக்கொண்டால் என்ன?

வார்டில் அரெஸ்ட், அதாவது இதயம் நின்றுபோவது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போஸ்டிங் முழுக்க ஒன்றுகூடப் பார்க்காமல் முடிப்பவர்கள் உண்டு. பார்த்தவர்களும் பெரும்பாலும் சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்தவர்கள்தான். அதில் தவறும் இல்லை. இதயம் நின்றுபோன ஒருவர் மீது முதன்முதலாகப் பழகிப் பார்ப்பது நியாயமல்ல.

சிமுலேஷன் வெறும் ஈடுகட்டலா என்ற சந்தேகத்துக்கு ஓரளவு விடை உண்டு. அமெரிக்க நர்சிங் வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு 2014இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 10 நர்சிங் கல்வித் திட்டங்களில் 600க்கும் மேற்பட்ட மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான வார்டு பயிற்சி. மற்ற இரண்டு குழுக்களுக்கு வார்டு நேரத்தில் 25 சதவீதமும் 50 சதவீதமும் சிமுலேஷனாக மாற்றப்பட்டது. படிப்பு முடியும்போது அறிவிலும் செயல்திறனிலும் உரிமத் தேர்விலும் மூன்று குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இதைச் சொல்லும் பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு. அந்தக் கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு சினாரியோவுக்குப் பின்னும் ஒழுங்கான டீப்ரீஃபிங் (நடந்ததைக் கூடிப் பேசி அலசுவது) நடந்தது. அது இல்லாத இடத்தில் இந்த ஆய்வைக் காட்டி வார்டு நேரத்தைக் குறைப்பது கணக்கில் சேராது.

இந்தப் பொம்மைகள் எப்போது வந்தன?

நர்சிங் பயிற்சிக்கென்று முதலில் செய்யப்பட்ட ஆளுயரப் பொம்மை 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை நர்சிங் பள்ளிக்கு வந்தது. பொம்மை செய்வதில் பெயர்பெற்ற மார்த்தா சேஸ் செய்தது என்பதால் அதை மிசஸ் சேஸ் என்று கூப்பிட்டார்கள். கட்டிலில் புரட்டுவது, உடை மாற்றுவது, தூக்குவது எல்லாம் அதில் பழகினார்கள். ஆக, டாக்டர்களுக்கான கணினி பொம்மைகள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நர்சுகள் இந்த வழியில் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

சிபிஆர், அதாவது மார்பை அழுத்தி மூச்சு கொடுத்து உயிர்மீட்பது, பழகும் பொம்மையின் கதை 1960இல் தொடங்குகிறது. கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தர முடியும் என்று எழுதியது அந்த ஆண்டுதான். வாயோடு வாய் வைத்து ஊதும் முறையைப் பீட்டர் சாஃபர் அதற்குச் சற்று முன்பே நிறுவியிருந்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது மயக்கமருந்து கொடுத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யப்பட்ட தன்னார்வலர்களை! ஊருக்கெல்லாம் அப்படிக் கற்றுக்கொடுக்க முடியாது. நார்வேயில் மென்பிளாஸ்டிக்கில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால் அப்போது செய்ததுதான் ரெசஸ்ஸி ஆன். பாரிஸின் செய்ன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகவார்ப்பை அதற்கு முகமாக வைத்தார். இன்றும் பல லேப்களில் நீங்கள் குனிந்து பார்ப்பது அந்த முகத்தைத்தான்.

எங்கள் கல்லூரியில் பேசும், மூச்சுவிடும், கண் சிமிட்டும் பொம்மை இல்லை. எங்கள் பயிற்சி அரைகுறையா?

இல்லை. மார்பு அழுத்தமும் மூச்சு கொடுப்பதும் பழக, அழுத்தினால் உள்ளே போய் மேலே வருகிற, ஊதினால் மார்பு எழும்புகிற ஒரு அரையுடல் பொம்மை போதும். ஆழமும் வேகமும் காட்டும் கருவி அதில் இருந்தால் மிகவும் நல்லது. கண் சிமிட்டுவதால் உங்கள் அழுத்தம் சரியாகிவிடாது. விலை உயர்ந்த பொம்மையைக் கண்ணாடி அறையில் பூட்டிவைத்து, இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது மட்டும் உறையை எடுக்கும் லேபைவிட, தோல் கிழிந்து பிளாஸ்திரி ஒட்டிய பத்துப் பொம்மைகள் உள்ள லேபில் படித்தவர்களின் கை நன்றாக இருக்கும்.

பேசும் பொம்மைக்கும் வேலை உண்டு. நோயாளி மெல்ல மெல்ல மோசமாவதைக் கண்டுபிடிக்கும் சினாரியோக்களில் அது உதவும். அது இல்லாவிட்டால் ஒரு ஆசிரியர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, "மூச்சு வாங்குது சிஸ்டர்..." என்று பேசலாம், டேப்லெட்டில் மானிட்டர் ஆப் ஒன்றை ஓட்டலாம். சினாரியோ தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் மாணவர்கள் திரையை மறந்துவிடுவார்கள்.

சினாரியோ ஏன் நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே தொடங்குகிறது? நேரே அரெஸ்டுக்குப் போகலாமே?

மருத்துவமனைக்குள் நடக்கும் அரெஸ்டுகளில் பலவற்றுக்கு முன், சில மணி நேரமாகவே அறிகுறிகள் மாறிக்கொண்டிருக்கும். மூச்சு வேகம் கூடும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆள் சற்றுக் குழம்புவார், சிறுநீர் குறையும். இவற்றை எல்லோருக்கும் முன்னால் பார்க்கக்கூடியவர் கட்டிலருகே நிற்கும் நர்ஸ். டாக்டர் ரவுண்ட்ஸுக்குத்தான் வருவார். நீங்கள் அங்கேயே இருப்பீர்கள்.

அதனால் நல்ல சினாரியோ ஒன்றில் உங்கள் முதல் வேலை மூச்சை எண்ணுவது. மானிட்டரைப் பார்த்து எழுதாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணுவது. இந்த அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் முன்னெச்சரிக்கை அட்டவணை இருந்தால் அதில் போட்டுப் பார்த்து, எண் எல்லையைத் தாண்டினால் உடனே கூப்பிடுவது. நீங்கள் சரியான நேரத்தில் கூப்பிட்டு, சரியான தகவலைச் சொன்னால் சில சினாரியோக்களில் அரெஸ்ட் வரவே வராது. மாணவர்கள் ஏமாந்துபோவார்கள்: "மேடம், சிபிஆரே பண்ணலையே?" என் பார்வையில் ஆகச் சிறந்த முடிவு அதுதான்.

நாடி பார்க்கும்போது என் விரலில் என் நாடியே துடிக்கிறது. எதை நம்புவது?

இது எல்லோருக்கும் நடப்பது. அதனால்தான் 10 விநாடி எல்லை. கழுத்தில் கரோட்டிட் நாடியைத் தேடிக்கொண்டே மூச்சையும் பாருங்கள். 10 விநாடிக்குள் நாடி உறுதியாகத் தெரியவில்லை என்றால், இல்லை என்றே எடுத்துக்கொண்டு அழுத்தத் தொடங்குங்கள்.

இன்னொரு பொறி, இடைவெளி விட்டு விட்டு வாயைத் திறந்து விக்குவதுபோல் வரும் மூச்சு. அரெஸ்டின் முதல் நிமிடங்களில் பலருக்கு இது வரும். "மூச்சு இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். அது மூச்சல்ல, உணர்வில்லாமல் இப்படி மூச்சிழுப்பவருக்கு சிபிஆர் வேண்டும். பொம்மைகள் பெரும்பாலும் இதைச் செய்து காட்டாது. உங்கள் ஆசிரியரை நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அழுத்தத்துக்கான எண்களை ஒரே இடத்தில் சொல்ல முடியுமா?

நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆழம் குறைந்தது 5 செ.மீ., 6ஐத் தாண்டாமல். இடம் மார்பெலும்பின் கீழ்ப்பாதி. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலே வர வேண்டும். மூச்சுப்பாதையில் குழாய் போடாதவரை 30 அழுத்தம், 2 மூச்சு. குழாய் போட்டபின் அழுத்தத்தை நிறுத்தாமல் 6 விநாடிக்கு ஒரு மூச்சு. ஆள் மாறுவது 2 நிமிடத்துக்கு ஒருமுறை. எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் 10 விநாடிக்குள் திரும்பக் கை வைக்க வேண்டும்.

இவற்றில் மாணவர்கள் அதிகம் கோட்டைவிடுவது மார்பு முழுதாக மேலே வருவதைத்தான். களைப்பு வந்ததும் உடம்பு எடையைக் கையில் சாய்த்துவிடுவோம். மார்பு பாதிதான் எழும்பும்; இதயத்துக்குள் இரத்தம் திரும்பி வர இடமிருக்காது. ஆழம் காட்டும் விளக்கு பச்சையாக எரிவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

தொடங்கும்போது ஆழம் சரியாக இருக்கிறது. ஒரு நிமிடத்தில் குறைந்துவிடுகிறது. எனக்குப் பலம் போதாதா?

பெரும்பாலும் பலம் காரணமல்ல, நிற்கும் விதம். மொபைலில் பக்கவாட்டிலிருந்து படம்பிடித்துப் பாருங்கள். முழங்கை மடங்கியிருக்கும். தோள் கைக்கு நேர் மேலே இல்லாமல் இடுப்புப் பக்கம் பின்தங்கியிருக்கும். அப்போது அழுத்துவது புஜத்துத் தசை. அது ஒரு நிமிடம்கூடத் தாங்காது. முழங்கையை நேராக்கி, தோளை உள்ளங்கைக்கு மேலே கொண்டுவந்து, இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் அசைந்தால் உங்கள் எடையே அழுத்தும்.

லேபில் தரையில் மண்டியிட்டுப் பழகிவிட்டு, வார்டில் உயரமான கட்டிலில் செய்யும்போது இதெல்லாம் குலைந்துபோகும். கட்டிலை இறக்குங்கள். இறக்க முடியாத கட்டிலென்றால் படிக்கட்டை இழுத்துப் போட்டு ஏறி நில்லுங்கள். மெத்தை மென்மையாக இருந்தால் நீங்கள் அழுத்தும் ஆழத்தில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். முதுகுப்பலகை இருந்தால் வைக்கலாம், ஆனால் அதைத் தேடி அழுத்தத்தை நிறுத்தக் கூடாது. பயிற்சியில் பாதியாவது கட்டிலில் நடக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இன்னொன்று: களைத்துவிட்டோம் என்று நமக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். "நான் ஓகே, இன்னும் பண்றேன்" என்று வீம்பு பிடிக்காமல் 2 நிமிடத்தில் மாறிக்கொள்ளுங்கள்.

அம்பு பேக்கை எவ்வளவு அழுத்துவது?

மார்பு எழும்புவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு, ஒரு விநாடி நேரத்தில். பெரியவர்களுக்கான பையின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஒரு மூச்சுக்குத் தேவை 500 முதல் 600 மி.லி. முழுப் பையையும் கசக்கினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி மேலே வரும். பதற்றத்தில் வேகமாக அழுத்தினால் மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். ஆட்கள் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்கட்டும், இன்னொருவர் பையை அழுத்தட்டும்.

டிஃபிப்ரிலேட்டர், மருந்து எல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார். நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?

டாக்டர் வந்துசேரும் வரைக்குமான நிமிடங்கள் உங்களுடையவை. இதயத்தின் கீழறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனில் சிபிஆரும் இல்லாமல் ஷாக்கும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் சரிகிறது. வராண்டாவில் ஓடிவரும் டாக்டருக்காக அந்த நிமிடங்கள் காத்திருக்காது.

ஆள் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியவை: உதவிக்குக் கூப்பிடுவது, கட்டிலைத் தட்டையாக்குவது, அழுத்தத் தொடங்குவது, ஏஇடி அல்லது டிஃபிப்ரிலேட்டரைக் கொண்டுவரச் சொல்லிப் பேட் ஒட்டுவது. சினாரியோவில் ஆசிரியர் உண்மையில் பார்ப்பது இந்த முதல் மூன்று நிமிடங்களைத்தான்.

டாக்டர் வந்தபிறகும் கைக்கு முன் கருத்து ஓட வேண்டும். ஷாக் கொடுக்க வேண்டிய ரிதம் இரண்டு: வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், நாடியில்லாத வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (கீழறைகள் மிக வேகமாகத் துடிப்பது). அசிஸ்டோலுக்கும் (மின்துடிப்பே இல்லாத நிலை) பிஇஏவுக்கும் (மானிட்டரில் துடிப்பு தெரிந்தும் நாடி இல்லாத நிலை) ஷாக் பயன்படாது. அங்கே அட்ரினலின் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அட்ரினலின் 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஷாக்குக்கு அடங்காத ரிதத்தில் அமியோடரோன் என்ற மருந்து முதலில் 300 மி.கி., தேவைப்பட்டால் பின்னர் 150. டாக்டர் கேட்பதற்குள் சிரிஞ்ச் தயாராக இருக்கிறதா, ஃப்ளஷ் (மருந்தை உள்ளே தள்ளிவிடும் உப்புநீர்) பக்கத்தில் இருக்கிறதா, கடைசி டோஸ் எத்தனை மணிக்கு என்று சொல்ல முடிகிறதா? இவை நர்ஸின் பொறுப்புகள். டிஃபிப்ரிலேட்டர் சார்ஜ் ஆகும்போதும் அழுத்தம் நிற்கக் கூடாது என்பதை நினைவூட்டுவதும் அப்படித்தான். அழுத்தத்தை நிறுத்தியதும் இதயத் தசைக்குப் போகும் இரத்தத்தின் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். பழைய நிலைக்குக் கொண்டுவர அடுத்தடுத்துப் பல அழுத்தங்கள் தேவைப்படும்.

எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தும் சினாரியோ குழப்பமாகவே முடிகிறது. ஏன்?

பெரும்பாலும் பேச்சு. அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். தலைமை ஏற்ற மாணவர், "யாராவது அட்ரினலின் எடுங்க" என்கிறார். ஐந்து பேர் காதிலும் விழுகிறது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார் என்று நினைக்கிறார்கள். 40 விநாடி கழித்து, "அட்ரினலின் போட்டாச்சா?" என்று கேட்கிறார். பதில் இல்லை. அல்லது இரண்டு பேர் தனித்தனியாக எடுத்து நீட்டுகிறார்கள். பதில் இல்லாததைவிட அது ஆபத்து.

அடுத்த சுற்றில் இதையே மாற்றிப் பேச வைப்போம். "கவிதா, அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐவி குடுங்க." "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐவி குடுக்கிறேன்." பிறகு, "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் போட்டாச்சு, 10:42." எழுதுபவர் அந்த நேரத்தை எழுதுகிறார். பெயர், கட்டளை, திருப்பிச் சொல்வது, முடித்ததும் அறிவிப்பது, அவ்வளவுதான். முதலில் நாடக வசனம்போல் இருக்கும், கூச்சப்படுவார்கள். மூன்றாவது சுற்றில் கூச்சம் போய்விடும், அறையும் அமைதியாகிவிடும்.

எழுதுபவரை ஒப்புக்குச் சப்பாணி என்று நினைக்காதீர்கள். நேரத்தைக் கையில் வைத்திருப்பவர் அவர்தான். "2 நிமிடம் ஆச்சு, ஆள் மாறணும்" என்று குரல் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். பயந்த சுபாவம் உள்ள மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இது.

சீனியரோ டாக்டரோ தவறு செய்தால் மாணவர் வாய் திறக்கலாமா?

திறக்கத்தான் வேண்டும். எப்படி என்பதில்தான் பயிற்சி. சில சினாரியோக்களில் டாக்டராக நடிப்பவரிடம் வேண்டுமென்றே ஒரு தவறைச் செய்யச் சொல்லியிருப்போம். நாடி பார்க்கிறேன் என்று அழுத்தத்தை அரை நிமிடம் நிறுத்திவைப்பார், அல்லது அசிஸ்டோலுக்கு ஷாக் கேட்பார். யார் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்: "சார், அழுத்தம் நின்று 15 விநாடி ஆச்சு." கேட்கவில்லையா? அடுத்து வழியைச் சொல்லுங்கள்: "சார், நான் மறுபடி அழுத்தத் தொடங்கட்டுமா?" அதற்கும் பதில் இல்லையென்றால் குரலை உயர்த்தி நேராக: "சார், அழுத்தத்தைத் தொடங்கியே ஆகணும்." மரியாதையும் போகவில்லை, நேரமும் போகவில்லை. நிஜ வார்டில் இதைச் சொல்வது இதைவிடக் கடினம் என்பது உண்மை. வாயில் ஒருமுறைகூட வராத வாக்கியம் அங்கே வரவே வராது.

எல்லோர் முன்னாலும் தவறு செய்தால் அவமானமாக இருக்காதா? மார்க் போகுமா?

பயிற்சிக்கான சினாரியோவும் தேர்வுக்கான சினாரியோவும் வேறு வேறு. எது எது என்று தொடங்கும் முன்பே ஆசிரியர் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் கேளுங்கள். பயிற்சியில் நடந்தது அறைக்கு வெளியே போகக் கூடாது. வீடியோ எடுத்தால் யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

தொடங்கும் முன் நடக்கும் பிரீபிரீஃபிங்கை வெறும் சம்பிரதாயம் என்று பலர் தாண்டிப்போகிறார்கள். பொம்மையில் எது வேலை செய்யும், எது செய்யாது, நாடி எங்கே கிடைக்கும், ஆக்சிஜன் எந்தப் பக்கம், உதவிக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று பத்து நிமிடம் தொட்டுப் பார்க்க விடாமல், "நீ ஏன் நாடி பார்க்கவில்லை?" என்று கேட்பது அநியாயம். பொம்மையின் கையில் நாடியே இல்லாமல் இருந்திருக்கலாம்!

சினாரியோ 10 நிமிடம், அதன்பின் பேச்சு அரை மணி நேரம். எதற்கு?

கற்றுக்கொள்வது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான். உள்ளே இருக்கும்போது உங்களுக்கு நேரம் போவதே தெரிந்திருக்காது. முதல் ஷாக் 2 நிமிடத்தில் கொடுத்தோம் என்று நினைப்பீர்கள். எழுதியவரின் தாளில் 5 நிமிடம் இருக்கும்.

நல்ல டீப்ரீஃபிங்கில் முதலில் மனதில் இருப்பதைக் கொட்ட விடுவார்கள். பிறகு என்ன நடந்தது என்று எல்லோரும் ஒரே கதைக்கு வருவார்கள். அதற்குப் பிறகே ஏன் என்ற கேள்வி. அதிலும் கேட்கும் விதம் முக்கியம். "ஏன் ஆக்சிஜன் போடல?" என்பது குற்றப்பத்திரிகை. "சாச்சுரேஷன் 84க்கு இறங்கினப்போ நீங்க பிரஷர் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. ஆக்சிஜன் முந்திக்கணும்னு எனக்குத் தோணுச்சு. அப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சு?" என்பது வேறு. இரண்டாவதற்கு வரும் பதில் சில நேரம் ஆச்சரியமாக இருக்கும்: "புரோப் கழன்றிருக்கும்னு நெனச்சேன் மேடம்." அப்படியென்றால் கற்பிக்க வேண்டியது ஆக்சிஜனை அல்ல; விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைக் காட்டும் புரோப்பைச் சரிபார்ப்பதா, நோயாளியைப் பார்ப்பதா, எது முதலில் என்பதை. காரணம் தெரியாமல் திருத்தினால் தவறான இடத்தைத் திருத்துவோம்.

ஆசிரியரே அரை மணி நேரமும் பேசினால் அது டீப்ரீஃபிங் அல்ல, லெக்சர்.

சில ஆசிரியர்கள் நடுவில் நிறுத்தி, "மறுபடி முதலிலிருந்து" என்கிறார்களே. இது எந்த முறை?

அதுவும் முறையான வழிதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலிசபெத் ஹண்ட் குழுவினர் 2014இல் விவரித்தது. தவறு வந்த அந்த நொடியிலேயே நிறுத்தி, சரியான வழியைச் சொல்லி, சில விநாடிகள் பின்னால் போய் மறுபடி செய்ய வைப்பது. சிபிஆர்போல் ஒரே சரியான வரிசை உள்ள வேலைக்கு இது பிரமாதமாகப் பொருந்தும், ஏனென்றால் கை சரியான அசைவையே திரும்பத் திரும்பச் செய்கிறது. யோசித்து முடிவெடுக்க வேண்டிய சினாரியோவில் இப்படிக் குறுக்கிட்டால் யோசனை அறுந்துவிடும். இரண்டையும் கலந்து குழப்பாமல், இன்று எந்த முறை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் எரிச்சல் வராது.

பொம்மை செத்துப்போகலாமா?

ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாத விஷயம். என் நிலைப்பாடு: மரணத்தைப் பற்றிக் கற்பிப்பதுதான் நோக்கம் என்றால், அதாவது உறவினரிடம் எப்படிச் சொல்வது, எப்போது நிறுத்துவது, குழு எப்படித் தாங்கிக்கொள்வது என்பதுதான் பாடம் என்றால், முன்கூட்டியே திட்டமிட்டு, மேல் வகுப்பு மாணவர்களுக்குச் செய்யலாம். மாணவர் தவறு செய்தார் என்பதற்குத் தண்டனையாகப் பொம்மையைச் சாகடிப்பது கூடவே கூடாது. அன்று அவர் கற்றுக்கொள்வது "என் கையால் செத்துவிட்டார்" என்பதை மட்டும்தான்.

வீட்டில் யாரையாவது அண்மையில் இழந்த மாணவர் குழுவில் இருக்கலாம். அழுதுகொண்டே வெளியே போக வேண்டியிருந்தால் போகலாம் என்பதை முன்பே சொல்லிவைக்க வேண்டும். கூடவே ஒருவர் போக வேண்டும்.

ஒருமுறை சான்றிதழ் வாங்கிவிட்டால் இரண்டு வருடத்துக்குக் கவலையில்லைதானே?

சான்றிதழுக்கு இரண்டு வருடம். கைக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. ஒருமுறை கற்றால் சைக்கிள் ஓட்டுவதுபோல் மறக்காது என்று நினைக்கிறோம், சிபிஆர் அப்படியல்ல. 3 முதல் 6 மாதத்துக்குள்ளேயே அழுத்தத்தின் ஆழமும் மூச்சின் அளவும் சரியத் தொடங்குகின்றன. கேட்டால் வரிசையைச் சரியாகச் சொல்வார்கள், கை மட்டும் சொன்னபடி கேட்காது.

நர்சிங் மாணவர்களிடமே இதைச் சோதித்திருக்கிறார்கள். மேரிலின் ஓர்மன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் மாதம் ஒருமுறை வெறும் 6 நிமிடம் பொம்மையில் பழகினார்கள். இன்னொரு பிரிவினர் முதல் பயிற்சியோடு விட்டுவிட்டார்கள். ஓராண்டு முழுக்க முதல் பிரிவினரின் கை நிலைத்து நின்றது, மற்றவர்களுடையது தேய்ந்தது. ஆண்டுக்கு ஒருநாள் முழுக்க வகுப்பு வைப்பதைவிட, லேபின் மூலையில் ஒரு பொம்மையை எப்போதும் திறந்து வைத்து, போகிறபோக்கில் 2 நிமிடம் அழுத்திவிட்டுப் போகச் சொல்வது மேல். செலவும் இல்லை. எங்களை மாதிரி ஆசிரியர்களுக்கு அது பந்தாவாகத் தெரியாது என்பதுதான் சிக்கல்!

குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தனிப் பயிற்சி வேண்டுமா?

வேண்டும். குழந்தைகளில் இதயம் நிற்பது பெரும்பாலும் மூச்சு தடைப்பட்டதன் விளைவு. அதனால் மூச்சு கொடுப்பதற்கு அங்கே எடை அதிகம். இரண்டு பேர் இருந்தால் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு; ஆழம் மார்பின் முன்பின் அளவில் மூன்றில் ஒரு பங்கு. இப்போதுதான் பிறந்த சிசுவுக்குக் கணக்கே வேறு: முதலில் நல்ல மூச்சு, 30 விநாடி ஒழுங்காகக் கொடுத்தும் இதயத்துடிப்பு 60க்குக் கீழே இருந்தால்தான் அழுத்தம், அதுவும் 3 அழுத்தத்துக்கு 1 மூச்சு.

கர்ப்பிணியில் கர்ப்பப்பை தொப்புள் அளவுக்கு வந்துவிட்டால் அது பெரிய இரத்தக்குழாய்களை அழுத்தும். ஒருவர் இரண்டு கையாலும் வயிற்றை இடப்பக்கம் தள்ளிப் பிடித்தபடியே இருக்க வேண்டும். இதயம் திரும்பவில்லை என்றால் 5 நிமிடத்துக்குள் குழந்தையை எடுப்பதைக் குறியாகக் கொள்கிறார்கள். எனவே யாரைக் கூப்பிடுவது என்பது முதல் நிமிடத்துக் கேள்வி. சாதாரணப் பொம்மையின் வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டியே இதைப் பழகலாம்.

நோயாளி பெண் என்றால் உடையை விலக்கத் தயக்கமாக இருக்கிறதே?

இந்தத் தயக்கத்தை வெளிப்படையாகக் கேட்பவர் குறைவு, உள்ளுக்குள் வைத்திருப்பவர் நிறைய. பொம்மைகளில் பெரும்பாலானவை தட்டையான ஆண் மார்போடு இருப்பதால் இது பயிற்சியில் வருவதே இல்லை. பேட் வெறும் தோலில் ஒட்ட வேண்டும். உள்ளாடை குறுக்கே வந்தால் கத்தரிக்கோலால் வெட்டி விலக்குங்கள். இடப்பக்கப் பேட் மார்பகத்தின் மேல் அல்ல, அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். திரையை இழுத்துவிடச் சொல்லுங்கள். அழுத்தம் நிற்காமல் அதைச் செய்ய இன்னொருவர் போதும். பொம்மைக்குப் பெண் உடை அணிவித்துப் பழகினால் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று தேடும் வேடிக்கையும் வெளிப்படும்.

லேபில் ஆபத்து எதுவும் உண்டா?

உண்டு. பயிற்சிக்கு நிஜ டிஃபிப்ரிலேட்டரைப் பயன்படுத்தினால் வரும் மின்சாரமும் நிஜம். "எல்லோரும் விலகுங்க" என்று சொன்னால் போதாது, தலை முதல் கால்வரை பார்க்க வேண்டும். ஆக்சிஜனைக் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது பயிற்சி மருந்துகள். 2014 இறுதியில் அமெரிக்காவில் பயிற்சிக்கென்று தயாரித்த, கிருமிநீக்கம் செய்யப்படாத உப்புநீர்ப் பைகள் மருத்துவ நிலையங்களுக்குப் போய், நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டு, பலர் நோயுற்றார்கள். அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. லேபில் நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆம்ப்யூலிலும் பையிலும் "பயிற்சிக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும். கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போகும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

லேபில் தேறிவிட்டேன். வார்டில் அரெஸ்ட் வந்தால் நானே இறங்கலாமா?

அழுத்தத் தொடங்குங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. உயிர்மீட்பு வேண்டாம் என்ற உத்தரவு அந்த நோயாளிக்கு இருக்கிறதா என்பதை மட்டும் ஷிஃப்ட் தொடங்கும்போதே ஹேண்டோவரில் தெரிந்துவைத்திருங்கள். மருந்தும் ஷாக்கும் உங்கள் மேற்பார்வையாளர் சொன்னால் மட்டும். குழு வந்ததும் சுவரோரம் போய்விடாமல், "நான் மாணவி, 2 நிமிடமா அழுத்துறேன், மாறிக்கணும்" என்று சொல்லுங்கள். அடுத்த சுற்றுக்கு உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

பொம்மை கிடைக்காதபோது தோழியின் மேல் பழகலாமா?

கூடாது. துடிக்கும் இதயத்தின் மேல் அழுத்தக் கூடாது. விலா எலும்பு முறியலாம். கெட்டியான தலையணையை மேசைமேல் வைத்து, முழங்கை, தோள், வேகம் மூன்றையும் பழகுங்கள். மொபைலில் மெட்ரோனோம் ஆப்பை 110இல் வைத்தால் போதும். தோழி மேல் பழகக்கூடியவை: நாடி பார்ப்பது, தலையைச் சாய்த்து முகவாயைத் தூக்குவது, பக்கவாட்டில் புரட்டிப் படுக்கவைப்பது.